பிவிசி வேறு, பிவிபி வேறு: நம் கடைச் சரக்கில் இருக்கும் ஒரு பொருளின் கதை



சில மாதங்களுக்கு முன் ஒரு மதிய வேளை. பட்டினப்பாக்கத்தில் உள்ள என் மொத்த விற்பனைக் கடைக்கு, வழக்கமாகச் சரக்கு எடுக்கும் மளிகைக்கடைத் தம்பி ஒருவர் வந்தார். கையில் தலைமுடிக்குத் தடவும் ஜெல் டப்பாக்கள் ஆறு.

"அண்ணாச்சி, இதைத் திருப்பி எடுத்துக்குங்க. இதுல பிவிபின்னு போட்டிருக்காம். அது தண்ணிக் குழாய் பண்ற பிளாஸ்டிக்காம். ஒரு அம்மா கடையிலயே சத்தம் போட்டுட்டாங்க. பக்கத்துல நாலு பேர் நின்னு பார்த்தாங்க. எனக்கு என்ன பதில் சொல்றதுன்னே தெரியல" என்றார்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு டப்பாவின் பின்பக்கம் பார்த்தேன். அதில் இருந்தது பிவிபி. குழாய் செய்வது பிவிசி. ஒரே ஓர் எழுத்துதான் வித்தியாசம். அந்த ஓர் எழுத்தால் ஆறு டப்பா திரும்பி வந்தது. அது பெரிய நஷ்டமல்ல. ஒரு வாடிக்கையாளர் நாலு பேர் முன்னிலையில் கேட்ட கேள்விக்கு நம்மவர் விழித்துக்கொண்டு நின்றார் பாருங்கள், அதுதான் நஷ்டம்.

தம்பியைக் குறை சொல்வதற்கில்லை. துவரம்பருப்பைக் கையில் அள்ளினால் புதுசா பழசா என்று சொல்லிவிடுவோம். மிளகாய் வற்றலை முகர்ந்தே தரம் பிரிப்போம். ஆனால் பாக்கெட்டின் பின்னால் எறும்பு ஊர்ந்த மாதிரி அச்சடித்திருப்பதைப் பற்றி நமக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? நானும் பள்ளிப் படிப்போடு வியாபாரத்துக்கு வந்தவன்தான். அன்று எனக்குத் தெரிந்த அளவு சொல்லி அனுப்பினேன். பிறகு, வேதியியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற என் மைத்துனரிடமும், மருந்து மொத்த வியாபாரம் செய்யும் நண்பர் ஒருவரிடமும் விளக்கம் கேட்டுக்கொண்டேன். எனக்குப் புரிந்த அளவில் இங்கே எழுதுகிறேன். எனக்கே புரிந்தது என்றால் உங்களுக்கும் நிச்சயம் புரியும்.

சுனாமி நாளில் பார்த்த பழுப்பு மருந்து

இந்தப் பிவிபி என்ற பொருளை நான் முதலில் பார்த்தது கடையில் அல்ல. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை. சுனாமி அலை எங்கள் பகுதி சீனிவாசபுரத்துக்குள் புகுந்த நாள். குடிசைகளும் படகுகளும் சிதறிக் கிடந்தன. மக்கள் மேட்டுப் பகுதிக்கு ஓடி வந்தார்கள். வியாபாரிகள் நாங்கள் அரிசி, ரொட்டி, தண்ணீர் என்று கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு போனோம்.

அங்கே காலில் தகரம் கிழித்த ஒரு சிறுவனுக்கு நர்ஸ் அம்மா பழுப்பு நிற மருந்து ஒன்றைத் தடவினார். பையன் கத்துவான் என்று நான் எதிர்பார்த்தேன். என் சிறு வயதில் முழங்காலில் டிங்சர் அயோடின் போட்டால் தெருவே கேட்கக் கத்துவோம். அந்த எரிச்சல் இன்னும் நினைவிருக்கிறது. ஆனால் அந்தப் பையன் முகத்தைச் சுளித்தானே தவிர அழவில்லை. "இதுவும் அயோடின்தான். ஆனா போவிடோன்ல கட்டி வச்சிருக்கு. அதனால அவ்வளவா எரியாது" என்றார் அந்த அம்மா.

போவிடோன் என்பதும் பிவிபி என்பதும் ஒன்றுதான். முழுப்பெயர் பாலிவினைல்பைரோலிடோன். பெயரைக் கேட்டால் பல் உடைகிறது. அதைப் பிரித்துப் பார்த்தால் அவ்வளவு பயமில்லை.

வளையமும் கையும்

'பாலி' என்றால் பல. ஒரே மாதிரியான சிறு துணுக்குகள் பல சேர்ந்து நீண்ட சங்கிலியானால் அதற்குப் பாலிமர் என்று பெயர். கோர்ப்பதற்கு முன் உள்ள தனித் துணுக்குக்கு மோனோமர் என்று பெயர். பூக்கடையில் உதிரிப்பூவும் தொடுத்த சரமும் போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

'பைரோலிடோன்' என்பது ஒரு வளையம். நான்கு கார்பன் அணுக்களும் ஒரு நைட்ரஜன் அணுவும் வட்டமாகக் கைகோர்த்து நிற்கின்றன. நைட்ரஜனுக்குப் பக்கத்துக் கார்பனில் ஓர் ஆக்சிஜன் தொங்குகிறது. இந்த வகை வளையங்களுக்கு லாக்டம் என்று பொதுப்பெயர்.

'வினைல்' என்பது அந்த வளையத்தின் நைட்ரஜனில் ஒட்டிய ஒரு சிறு கை. இரண்டே கார்பன் அணுக்கள். பக்கத்தில் இன்னொரு வினைல் கை கிடைத்தால் பிடித்துக்கொள்ளத் துடிக்கும் கை அது.

லாக்டம் என்றால் ஏதோ அயல்நாட்டுச் சமாச்சாரம் என்று எண்ண வேண்டாம். எங்கள் கடற்கரையில் காயப்போட்டிருக்கும் வலைகளைப் பாருங்கள். முன்காலத்தில் வலை பருத்தி நூலிலும் சணலிலும் பின்னினார்கள். பிறகு நைலான் வந்தது. நைலான்-6 என்ற வகை, கேப்ரோலாக்டம் என்ற லாக்டத்திலிருந்துதான் செய்யப்படுகிறது. 1938-ல் ஜெர்மனியில் பால் ஷ்லாக் என்பவர் கண்ட வழி அது. அதே நைலானில் டயர்களுக்கு உள்ளே வைக்கும் நூல் செய்யும் தொழிற்சாலையை 1974-ல் நம் மணலியில்தான் எஸ்.ஆர்.எஃப். நிறுவனம் தொடங்கியது.

ஆக, லாக்டம் வளையத்தைச் சங்கிலியாக்க இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, வளையத்தையே அறுத்து நீட்டி, ஒன்றின் வாலை மற்றொன்றின் தலையோடு முடிச்சுப் போடுவது. அது நைலான். தண்ணீரில் கரையாது, மீன் இழுத்தாலும் அறாது. இரண்டாவது, வளையத்தை மூடியபடியே விட்டுவிட்டு, வினைல் கைகளை மட்டும் கோர்ப்பது. அது போவிடோன். சங்கிலி நெடுகிலும் வளையங்கள் கொத்துக் கொத்தாகத் தொங்கும். அந்த வளையத்தில் உள்ள ஆக்சிஜனுக்குத் தண்ணீர் என்றால் மிகப் பிரியம். ஆகவே போவிடோன் தண்ணீரில் சர்க்கரை போலக் கரைந்துவிடும்.

ஒரே குடும்பத்துப் பிள்ளைகள். ஒன்று கடலில் ஊறினாலும் கரையாது. மற்றொன்று டம்ளர் தண்ணீரிலேயே கரைந்துவிடும். தொடுக்கும் முறைதான் காரணம்.

கார்பைடு கல்லிலிருந்து தொடங்கும் பயணம்

இந்த வினைல் லாக்டத்தை உலகுக்குக் கொடுத்தவர் வால்ட்டர் ரெப்பே என்ற ஜெர்மானியர். 1892-ல் பிறந்து 1969-ல் மறைந்தவர். ஐ.ஜி. ஃபார்பன் நிறுவனத்தின் லுட்விக்ஸ்ஹாஃபன் ஆலையில் அவர் வேலை பார்த்தார். போவிடோனுக்கான காப்புரிமை 1939-ஐச் சேர்ந்தது.

அவர் கையில் எடுத்த மூலப்பொருள் அசிட்டிலின் வாயு. நமக்குத் தெரியாததா? கால்சியம் கார்பைடு கல்லில் தண்ணீர் பட்டால் வருவது அதுதான். காஸ் வெல்டிங் பட்டறையில் எரிவதும் அதுதான். மாம்பழத்தைக் கல் வைத்துப் பழுக்க வைப்பது சட்டப்படி குற்றம் என்று கோயம்பேட்டில் அதிகாரிகள் பிடித்து அழிக்கிறார்களே, அந்தக் 'கல்' இந்தக் கார்பைடுதான்.

அசிட்டிலினில் ஒரு பெரிய ஆபத்து உண்டு. அதை அழுத்தினால் தானாகவே வெடிக்கும். அதனால்தான் அந்தக் காலத்தில் அதை அழுத்தத்தில் வைத்து வேலை செய்ய யாரும் துணியவில்லை. ரெப்பே இரண்டு உபாயம் செய்தார். அசிட்டிலினோடு நைட்ரஜன் வாயுவைக் கலந்து அதன் வேகத்தைத் தணித்தார். பெரிய குழாய்க்குள் மெல்லிய குழாய்களைக் கட்டுக் கட்டாக அடைத்து, ஓரிடத்தில் தீப்பிடித்தாலும் அது ஓட இடமில்லாமல் செய்தார். இந்த இரண்டும் வந்த பிறகே அசிட்டிலினைத் தொழிற்சாலையில் துணிந்து கையாள முடிந்தது.

அவர் வகுத்த வழியைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

1. அசிட்டிலினையும் ஃபார்மால்டிஹைடையும் தாமிரம் கலந்த ஊக்கியின் மேல் சேர்க்கிறார்கள். ஃபார்மால்டிஹைடு என்பது ஃபார்மலினில் உள்ள சரக்கு. இந்தச் சேர்க்கையில் பியூட்டின்டையால் என்ற பொருள் கிடைக்கும். அதில் ஹைட்ரஜன் ஏற்றினால் பியூட்டேன்டையால் என்ற திரவம் வரும். இது நான்கு கார்பன் கொண்ட நேரான கம்பி போன்றது.

2. அந்தத் திரவத்தை ஆவியாக்கிச் சூடான தாமிர ஊக்கியின் மேல் செலுத்தினால், ஹைட்ரஜனை உதிர்த்துவிட்டுக் கம்பி வளைந்து வளையமாகிறது. இதன் பெயர் பியூட்டிரோலாக்டோன்.

3. அந்த வளையத்தை அம்மோனியாவோடு சேர்த்து, அழுத்தத்தில் நன்றாகச் சூடேற்றினால், வளையத்தில் இருந்த ஆக்சிஜன் வெளியேறி அந்த இடத்தில் நைட்ரஜன் உட்காருகிறது. கூடவே தண்ணீர் பிரிகிறது. இப்போது கிடைப்பதுதான் பைரோலிடோன் என்ற லாக்டம்.

4. கடைசிப் படி. பைரோலிடோனில் சிறிது பொட்டாசியம் காரத்தைச் சேர்த்து, உண்டாகும் தண்ணீரை முழுவதும் ஆவியாக்கி வெளியேற்ற வேண்டும். தண்ணீர் மிஞ்சினால் காரம் வளையத்தை அறுத்துவிடும். பிறகு ஏறக்குறைய 150 டிகிரி வெப்பத்தில், அழுத்தத்தோடு மீண்டும் அசிட்டிலினைச் செலுத்தினால், அது நைட்ரஜனில் போய் ஒட்டி வினைல் கையாகிறது. இதுதான் வினைல்பைரோலிடோன். காற்றழுத்தத்தைக் குறைத்துக் காய்ச்சி வடித்தால் நிறமில்லாத திரவமாக வரும்.

இப்போது வேறு வழிகளும் வந்துவிட்டன. ஜப்பானின் நிப்பான் ஷோகுபாய் நிறுவனம் கடைசிப் படியில் அசிட்டிலினே இல்லாமல், தண்ணீரைப் பிரித்தெடுத்து வினைல் கையை உண்டாக்கும் முறையைக் கொண்டுவந்தது.

இந்தத் திரவத்துக்கு ஒரு குணம் உண்டு. அமிலம் பட்டால் உடைந்துபோகும். அதனால் கிடங்கில் வைக்கும்போது சிறிது காரம் போட்டே வைப்பார்கள். புளிச்ச தண்ணீர் பட்டால் பால் திரிவது மாதிரி என்று மைத்துனர் சொன்னார். நமக்கு அது போதும்.

சரம் தொடுக்கும் வேலை

இனி இந்த உதிரிப்பூக்களைச் சரமாக்க வேண்டும். வினைல்பைரோலிடோனைத் தண்ணீரில் கரைத்து, ஹைட்ரஜன் பெராக்சைடும் சிறிது அம்மோனியாவும் சேர்த்துச் சூடேற்றுகிறார்கள். பெராக்சைடு உடைந்து ஒரு துணுக்கைத் தட்டி எழுப்பும். அது பக்கத்துக் கையைப் பிடிக்கும், அது அடுத்ததைப் பிடிக்கும். திருவிழாக் கூட்டத்தில் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு போவது போலச் சரசரவென்று சங்கிலி நீளும். இந்த வேலையில் நிறைய வெப்பம் கிளம்பும். தண்ணீரில் செய்வதால் அந்த வெப்பத்தைத் தண்ணீர் வாங்கிக்கொள்கிறது. அம்மோனியா எதற்கென்றால், கலவை அமிலமாகாமல் காப்பதற்கு.

பெராக்சைடு அதிகம் போட்டால் பல இடங்களில் ஒரே நேரத்தில் சங்கிலி தொடங்கும். ஆகவே சங்கிலிகள் குட்டையாக இருக்கும். குறைத்துப் போட்டால் நீளமாக வளரும். மிட்டாய்க்கடையில் பாகை விரலில் தொட்டு ஒரு கம்பிப் பதம், இரண்டு கம்பிப் பதம் என்று பார்ப்பது போல, இவர்கள் கரைசலின் பிசுபிசுப்பை அளந்து 'கே' எண் என்று ஒன்று சொல்வார்கள். ஃபிகென்ட்ஷர் என்ற ஜெர்மானியர் 1932-ல் வகுத்த கணக்கு அது. கே-15 என்றால் நூறு வளையத்துக்கு உட்பட்ட குட்டைச் சங்கிலி. கே-30 என்றால் சுமாராக 400 வளையங்கள். கே-90 என்றால் பல ஆயிரம். மருந்து நண்பர் சொன்னார்: "நீங்க பச்சரிசி, புழுங்கல்னு பிரிக்கிற மாதிரி நாங்க கே நம்பர் சொல்லித்தான் ஆர்டர் போடுவோம்."

பிறகு அந்தக் கரைசலைச் சூடான காற்றில் தெளித்து உலர்த்தினால், பால் பவுடர் போல வெள்ளைத் தூள் கிடைக்கிறது.

இன்னொரு விதமாகவும் தொடுக்கலாம். சங்கிலிகளுக்கு நடுவே குறுக்கு முடிச்சுகள் விழும்படி செய்தால், சோளப்பொரி பொரிவது போலக் கட்டி கட்டியாக வரும். ஆங்கிலத்திலும் அதைச் சோளப்பொரியின் பெயரால்தான் அழைக்கிறார்கள். அது தண்ணீரில் கரையாது. உப்பும். அதன் பெயர் கிராஸ்போவிடோன்.

தனிப்பூ வேறு, சரம் வேறு

வாடிக்கையாளர் கேட்ட கேள்விக்குப் பதில் இந்த இடத்தில்தான் இருக்கிறது. கொஞ்சம் கவனமாகப் படியுங்கள்.

பிவிசி குழாயும் பிவிபியும் இரண்டுமே வினைல் கை கோர்த்த சங்கிலிகள்தான். அந்த அளவில் அந்த அம்மா சொன்னதில் ஒரு துளி உண்மை இருக்கிறது. ஆனால் பிவிசி சங்கிலியில் தொங்குவது குளோரின். அது தண்ணீரை ஒட்டவிடாது; அதனால்தான் குழாயாகிறது. பிவிபியில் தொங்குவது லாக்டம் வளையம். குழாய் செய்தால் முதல் நாளே கரைந்துபோகும். ஆகவே இரண்டும் ஒன்று என்பது தவறு.

அதே சமயம், "இதில் கெமிக்கலே இல்லை, பயப்படாதீங்க" என்று சொல்வதும் தவறு. இருக்கிறது. நாம் மறைக்க வேண்டியதில்லை.

உண்மை என்னவென்றால், கோர்க்காத தனித்துணுக்கு வேறு. கோர்த்த சங்கிலி வேறு. வினைல்பைரோலிடோன் ஆவியைத் தொடர்ந்து சுவாசித்த எலிகளுக்கு மூக்கிலும் கல்லீரலிலும் கட்டிகள் வந்ததாகச் சோதனையில் கண்டிருக்கிறார்கள். ஆகவே அது கவனமாகக் கையாள வேண்டிய பொருள். சங்கிலியான பிறகு அந்தத் துடிக்கும் கை அடங்கிவிடுகிறது. வாய்வழி உட்கொண்டாலும் போவிடோன் பெரும்பாலும் குடலில் உறிஞ்சப்படாமல் வெளியேறிவிடும். மாத்திரை தயாரிப்பில் உலகமெங்கும் அதைச் சேர்ப்பது இதனால்தான்.

அப்படியானால் சங்கிலியில் சேராமல் மிஞ்சிய தனித்துணுக்கு எவ்வளவு என்பதுதான் கேள்வி. மருந்துக்கான போவிடோனில் அது பத்து லட்சத்தில் 10 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்று ஐரோப்பிய, அமெரிக்க மருந்துத் தர நூல்கள் வரம்பு கட்டியிருக்கின்றன. நம் கணக்கில் சொன்னால், ஒரு டன் சரக்கில் 10 கிராம். பத்து மூட்டை அரிசியில் ஒரு கைப்பிடிகூட இல்லை. நல்ல கம்பெனியையும் கண்ட கண்ட கம்பெனியையும் பிரிப்பது இந்த மிச்சக் கணக்குதான்.

குறையையும் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் உலகப் போரின்போது ஜெர்மானியர்கள் இரத்தம் இழந்தவர்களுக்கு ஊசி வழியே ஏற்றும் திரவமாக இதைப் பயன்படுத்தினார்கள். பெரிஸ்டன் என்று பெயர். பல உயிர்களைக் காத்தது. ஆனால் நீளமான சங்கிலிகள் சிறுநீரகத்தின் வழியே வெளியேறாமல் உடலிலேயே தங்குவது பிற்பாடு தெரிந்தது. ஆகவே அந்தப் பயன்பாடு கைவிடப்பட்டது. மேலும், இது தண்ணீரில் கரைந்தாலும் மண்ணில் எளிதில் மக்குவதில்லை. இரண்டையும் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

நம் கடையில் எங்கெல்லாம் இருக்கிறது?

தலைமுடி ஜெல், ஹேர் ஸ்பிரே: முன்பு முடியைப் படிய வைக்க அரக்குக் கரைசலைத் தெளித்தார்கள். 1950-களில் போவிடோன் அந்த இடத்தைப் பிடித்தது. கழுவினால் போய்விடும் என்பது அதன் சிறப்பு. ஈரக்காற்றை உறிஞ்சிப் பிசுபிசுப்பது அதன் குறை. பட்டினப்பாக்கம், சாந்தோம் கடற்காற்றைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? அதைச் சரிக்கட்ட, வினைல் அசிட்டேட் என்ற இன்னொரு துணுக்கையும் இடையிடையே கோர்க்கிறார்கள். லேபிளில் 'விபி/விஏ கோபாலிமர்' என்று இருந்தால் அதுதான். கேப்ரோலாக்டம் வளையத்துக்கு வினைல் கை ஒட்டிக் கோர்த்த வகையும் உண்டு. அது ஒரு விசித்திரம். குளிர்ந்த தண்ணீரில் தெளிவாகக் கரையும். சுமார் 32 டிகிரிக்கு மேல் சூடானால் கலங்கிப்போகும். ஆறினால் மறுபடி தெளியும்.

பசைக் குச்சி: பிள்ளைகள் பள்ளிக்கு வாங்கும் திருகுப் பசை. 1969-ல் ஜெர்மனியின் ஹென்கல் நிறுவனம் பிரிட் என்ற பெயரில் இதை முதலில் கொண்டுவந்தது. அதன் ஒட்டும் சரக்கு போவிடோன். இன்றும் பல பசைக் குச்சிகளில் இதுதான் இருக்கிறது.

சலவைத்தூள்: சில வகைகளில், ஒரு துணியின் சாயம் மற்றொரு துணியில் ஏறாமல் தடுக்க இதைச் சேர்க்கிறார்கள். தண்ணீரில் இறங்கிய சாயத்தைப் பிவிபி பிடித்து வைத்துக்கொள்கிறது.

மாத்திரைகள்: தூளைச் சேர்த்துக் கட்ட முன்பெல்லாம் மாவுக் கஞ்சிப் பசைதான். நம் சேலத்து ஜவ்வரிசி ஆலைகளுக்கு மூலமான மரவள்ளி மாவும் அந்த வேலைக்கு ஆகும். இப்போது பல மாத்திரைகளில் அந்தக் கஞ்சியின் வேலையைப் போவிடோன் செய்கிறது. வயிற்றில் போனதும் மாத்திரை உப்பி உடைய வேண்டுமே, அதற்கு அந்தச் சோளப்பொரி வகை. பழச்சாறு, பீர் போன்றவற்றைக் கலங்கலில்லாமல் தெளிய வைத்து வடிகட்டவும் அதே வகைதான் பயன்படுகிறது. உணவுச் சேர்க்கைப் பட்டியலில் இந்த இரண்டின் எண்கள் 1201, 1202.

பழுப்பு மருந்து: அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் ஷெலான்ஸ்கி என்பவர்கள் 1955-ல் கண்டது. அயோடினைப் போவிடோன் சங்கிலி பிடித்து வைத்துக்கொண்டு, தவணை முறையில் கடன் அடைப்பது போலச் சிறிது சிறிதாக விடுகிறது. கிருமி சாகிறது; தோல் அவ்வளவாக எரிவதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் இன்றியமையா மருந்துப் பட்டியலில் இதற்கு இடம் உண்டு.

நாம் செய்ய வேண்டியவை

ஒன்று: மருந்தையும் மளிகையையும் கலக்காதீர்கள். ஜெல், பசைக் குச்சி, சலவைத்தூள் விற்க மருந்து உரிமம் தேவையில்லை. ஆனால் பழுப்பு மருந்து, அதாவது போவிடோன் அயோடின், ஒரு மருந்து. 2020-ல் கொரோனா சமயத்தில் அதைக் கொண்டு வாய் கொப்பளித்தால் நோய் வராது என்று பேச்சுக் கிளம்பியது. அது நிரூபணமான மருத்துவமல்ல. ஆனாலும் கேட்டு வந்தவர்களுக்காகச் சில மளிகைக் கடைகளில் பாட்டில் வாங்கி வைத்தார்கள். 1940-ஆம் ஆண்டு மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டப்படி உரிமம் இல்லாமல் மருந்து விற்பது குற்றம். 27-ஆம் பிரிவில் 3 ஆண்டுக்குக் குறையாத சிறை, 1 லட்ச ரூபாய்க்குக் குறையாத அபராதம் என்று இருக்கிறது. சில வீட்டு மருந்துகளுக்கு விதிகளில் விலக்கு உண்டே என்று கேட்பீர்கள். அது மக்கள்தொகை 1000-க்கு மேற்படாத கிராமங்களுக்கு. சென்னைக் கடைக்குப் பொருந்தாது. நாலு ரூபாய் லாபத்துக்காக இந்த வம்பு வேண்டாம். கேட்பவரை மருந்துக்கடைக்கு அனுப்புங்கள். தைராய்டு கோளாறு உள்ளவர்களும் கைக்குழந்தை வைத்திருப்பவர்களும் டாக்டரைக் கேட்காமல் அதைப் பயன்படுத்தக்கூடாது என்ற காரணமும் இருக்கிறது. அதை நாம் கல்லாவில் உட்கார்ந்துகொண்டு தீர்மானிக்க முடியாது.

இரண்டு: ஈரத்துக்கும் வெயிலுக்கும் காவல் வையுங்கள். இதில் நானே பட்டவன். ஓர் ஆண்டு ஜூன் மாதப் பள்ளித் திறப்பை எண்ணி, தள்ளுபடி கிடைக்கிறது என்று ஏப்ரலிலேயே பசைக் குச்சிகளை மொத்தமாக எடுத்து, தகரக் கூரை போட்ட கிடங்கில் அடுக்கினேன். ஜூனில் பெட்டியைப் பிரித்தால் பாதிக்கு மேல் சுருங்கிக் காய்ந்து கிடந்தன. சில இளகி மூடியில் ஒட்டிக்கொண்டிருந்தன. கம்பெனிக்காரர்கள் "குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் வைக்கவும் என்று பெட்டியிலேயே அச்சடித்திருக்கிறோம்" என்று கையை விரித்துவிட்டார்கள். கோபப்பட்டுப் பயனில்லை, பெட்டியில் எழுதியதை நான் படிக்கவில்லை. தள்ளுபடியில் வந்த லாபத்தைப் போல மூன்று மடங்கு போயிற்று. தண்ணீரை விரும்பும் சரக்கு இது. தரையிலோ சுவரோரமோ வைக்காமல் பலகை மேல் அடுக்குங்கள். கூரைச் சூடு இறங்கும் இடத்தைத் தவிருங்கள். முதலில் வந்ததை முதலில் விற்றுவிடுங்கள்.

மூன்று: பெயரில்லாத சரக்கை எடுக்காதீர்கள். தயாரிப்பாளர் முகவரி, தொகுதி எண், தயாரித்த தேதி, காலாவதித் தேதி, சேர்மானப் பட்டியல் இவை இல்லாத ஜெல் டப்பா எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். அந்தப் பத்து லட்சத்தில் 10 பங்குக் கணக்கை நம்மால் கடையில் சோதித்துப் பார்க்க முடியாது. கம்பெனியைப் பார்த்துத்தான் நாம் நம்புகிறோம். வாடிக்கையாளர் நம்மைப் பார்த்து நம்புகிறார். நம்பிக்கைக்கும் ஒரு சங்கிலி இருக்கிறது. நடுவில் நாம் ஒரு கண்ணி.

நான்கு: கேட்பவருக்கு இரண்டு வரியில் பதில் சொல்லப் பழகுங்கள். அந்தத் தம்பிக்கு நான் எழுதிக் கொடுத்தது இது: "அம்மா, குழாய் செய்வது பிவிசி. இது பிவிபி. தண்ணீரில் கரைகிற பசை; மாத்திரைகளிலும் சேர்ப்பார்கள். ஆனால் தலைக்குத் தடவும் சரக்கு தலைக்கு மட்டும்தான். அரித்தால், தடித்தால் உடனே கழுவிவிட்டு நிறுத்திவிடுங்கள்."

தம்பி அந்தச் சீட்டைக் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்தார். ஆறு டப்பாவையும் திரும்ப எடுத்துக்கொண்டு போனார். பத்து நாள் கழித்துச் சரக்கெடுக்க வந்தவர், "அந்த அம்மா திரும்ப வந்தாங்க அண்ணாச்சி. சொன்னேன். கேட்டுக்கிட்டாங்க. ஆனா ஜெல் வாங்கல, சீயக்காய்தான் வாங்கினாங்க" என்றார்.

சீயக்காயும் நம் சரக்குதானே! வாங்குவது அவர் விருப்பம். கேட்டதற்கு உண்மையான பதில் சொல்வது நம் கடமை. அந்த அம்மா மறுபடி அதே கடைக்கு வந்தார் என்பதே எனக்குப் போதுமான செய்தி.

பெரிய அங்காடிகளில் பொருளைத் தட்டில் அடுக்கி வைத்திருப்பார்கள். விளக்கம் சொல்ல ஆள் இருக்காது. நம் கடையில் ஆள் இருக்கிறோம். அந்த ஆளுக்கு விஷயமும் தெரிந்திருந்தால் வாடிக்கையாளர் நம்மை விட்டு எங்கே போகப் போகிறார்? இன்றிரவு கடையை அடைக்கும் முன், அலமாரியில் உள்ள ஏதேனும் ஒரு டப்பாவைத் திருப்பிப் பின்பக்கத்தைப் படித்துப் பாருங்கள்.